லோகப்பிரியாவின் அப்பாவுக்கு வந்த ஃபோன்

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறைதான் என் ஆபீஸ். பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுக்கிறேன். பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. மிஸ்பா அக்கா நிரப்பிய ஃபாரம் திரும்பி வராது என்று ஊரில் எனக்கொரு பெயர் உண்டு. சோமனூர் லோகப்பிரியாவின் விசாவில் அந்தப் பெயர் போனது. பெயர் போனால் போகட்டும். அது போன விதத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லோகப்பிரியாவுக்கு முப்பத்தொரு வயது. அப்பா காளிச்சாமி எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறவர். அம்மா பழனாத்தாள். ஒரே பெண், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஐரோப்பாவில் ஒரு குட்டி நாட்டுக் கம்பெனிக்கு ஆறு வருஷமாக வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். நாட்டின் பெயரைச் சொன்னால் எனக்குத்தான் வம்பு, வேண்டாம். ஆஸ்பத்திரிகள் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருளை அந்தக் கம்பெனி செய்கிறது. அது எங்காவது கோளாறு செய்தால் சரி பண்ணுவது இவள் குழு. தறிச் சத்தம் மீட்டிங்கில் கேட்டுவிடக் கூடாதென்று மாடி அறையின் ஜன்னலைப் பழைய மெத்தையால் அடைத்து வைத்திருக்கிறாள். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

அந்த நாட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அங்கே கால் வைக்காமலே அந்த நாட்டின் இணையக் குடியாள் ஆகலாம். லோகப்பிரியா டெல்லி வரைக்கும் போய்க் கைரேகை வைத்து அந்த அட்டையை வாங்கி வந்தாள். அதை வைத்து அங்கே தன் பெயரில், தான் ஒருத்தி மட்டுமே உள்ள ஒரு கம்பெனியைப் பதிவு செய்தாள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் அந்த அட்டையை வைத்துத்தான், அந்த அரசாங்கத்துக்கு வரி கட்டுவதும் அதை வைத்துத்தான்.

"அக்கா, நானும் இப்ப அந்த ஊர்க்காரிதானுங்க, பாதி" என்று சிரித்தபடி என் மேஜைமேல் அட்டையை வைத்தாள்.

நான் திருப்பிப் பார்த்தேன். இது பயண ஆவணம் அல்ல என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அதாவது பணம் போகலாம், கையெழுத்து போகலாம், வரி போகலாம். ஆள் மட்டும் போகக் கூடாது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் இவளுக்கு விசா தராமல் யாருக்குத் தரப்போகிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அவள் போக வேண்டிய காரணம் அவ்வளவு பெரிது. குழுவின் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் லோகப்பிரியாவுக்குத்தான் என்று மேலாளர் மார்ட்டின் சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, ஜூன் மாதத்துக்குள் இரண்டு வாரம் தலைமை ஆபீசுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்காரர்களை நேரில் பார்த்துப் பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் வேறு ஆள். அந்த வேலையை ஒரு வருஷமாக இவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பதவி மட்டும் இல்லாமல்.

அழைப்புக் கடிதம், வரி ரசீது, தறிக்கூடத்தின் பத்திரம் என்று ஒன்று விடாமல் வைத்தேன். அவள் சென்னைக்குப் போய் விசா ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று வாரத்தில் உறை வந்தது. என் ஆபீசில் நின்றபடியே பிரித்தாள். படித்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் தாளை வாங்கிப் பார்த்தேன்.

விசா மறுப்பு. போனால் திரும்பி வருவார் என்று நம்ப இடமில்லையாம். அதற்குக் கீழே இருந்த வரியைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விண்ணப்பதாரரின் வருமானத்தை நம்பிக் குடும்பத்தில் எவரும் இல்லை, அவர் எத்தனை காலம் வெளியே தங்கினாலும் தடையில்லை என்று தந்தையே தொலைபேசியில் தெரிவித்தாராம்.

லோகப்பிரியா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, மெட்ராஸ்ல இருந்து யாராச்சும் உங்ககிட்டப் பேசுனாங்களா?"

"ஆமாங் கண்ணு. ஒரு அம்மணி நல்ல மருவாதியாப் பேசுச்சு. உங்க மகள் பணம் குடுத்துத்தான் குடும்பம் நடக்குதுங்களான்னு கேட்டுச்சு. அதெல்லாம் இல்லீங்க, பொண்ணு காசுல உக்காந்து திங்கற ஊடு இது இல்லீங்கன்னு சொல்லிப்போட்டேன். அவ எங்க வேணா, எத்தன நாள் வேணா இருக்கட்டும், எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்கன்னேன். நல்லாத்தான சொன்னேன்?"

லோகப்பிரியா ஃபோனை என் பக்கம் நீட்டினாள். நான்தான் ஃபோனை வாங்கி, அப்புறம் பேசுகிறோம் அண்ணா என்று வைத்தேன்.

அவர் வேறு என்னதான் சொல்லியிருப்பார்? எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாத பெண்ணின் அப்பாவிடம் யார் இதைக் கேட்டாலும் வருகிற பதில் இதுதான். மகள் சம்பாத்தியத்தில் வீடு நடக்கிறது என்று ஒரு வார்த்தை வெளியே போனால், அப்பனுக்கும் தலைகுனிவு, வருகிற வரனும் பின்வாங்கிவிடும். நிஜம் என்னவென்றால், கூலித் தகராறில் தறி நின்ற மாதங்களிலெல்லாம் அந்த வீட்டில் உலை கொதித்தது லோகப்பிரியாவால்தான். அவள் அம்மா கணக்குக்கு அனுப்புவாள். பேங்கில் கொஞ்சம் கிடந்தது என்று பழனாத்தாள் எடுத்து வந்து கொடுப்பாள். காளிச்சாமிக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று இவளுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை. மானத்தோடு இருக்க மூன்று பேரும் சேர்ந்து காப்பாற்றி வந்த பொய் அது. சென்னையில் யாரோ அதை வாக்குமூலமாக எழுதிக்கொண்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே காளிச்சாமி வெள்ளைச் சட்டை வேட்டியில் நின்றிருந்தார். ராத்திரி தூங்கவில்லை என்று முகமே சொன்னது.

"ஏனுங் அம்மணி, நான் சொன்னது பொய்யிங்க. பொய்யின்னு எழுதிக் குடுத்தா ஏத்துக்குவாங்களா?"

"எழுதிக் குடுத்துப் பாக்கலாங்கண்ணா. ஆனா நோட்டரி முன்னால கையெழுத்துப் போடோணும்."

"போடறனுங்க. எந்தப் பிள்ள அப்பன் வாயால கெட்டுப்போகோணும்னு தலையெழுத்து?"

காளிச்சாமி சொல்வதாக முத்திரைத்தாளில் நான் இப்படி அடித்தேன்: நானும் என் மனைவியும் எங்கள் மகளின் வருமானத்தைக் கொண்டே வாழ்கிறோம், அவள் திரும்பி வராவிட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை. நோட்டரி தன் ஆபீசில் அதை வழக்கப்படி உரக்கப் படித்தார். பக்கத்து பெஞ்சில் சோமனூர்க்காரர் கோவிந்தராஜுலு வேறு ஏதோ பத்திரத்துக்காகக் காத்திருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார். காளிச்சாமி அவரைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் முழுப்பெயரை எழுதினார். கூட வந்திருந்த லோகப்பிரியா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த யோசனைக்குத் தலையாட்டியவள் நான்தானே.

அந்தத் தாளோடு மறுபடியும் விண்ணப்பித்தோம். இரண்டாவது உறை முன்னதைவிடச் சீக்கிரம் வந்தது. தந்தையின் இரண்டு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, எனவே அளிக்கப்பட்ட தகவல்கள் நம்பத்தக்கவை அல்ல. அவ்வளவுதான் இருந்தது. அவர் சொன்ன பொய்யை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினார்கள். ஊரார் முன்னால் மானத்தை விட்டுச் சொன்ன நிஜத்தைப் பொய் என்று தள்ளிவிட்டார்கள். நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் வந்தபடி திட்டினேன். டீ கொண்டு வந்த ஆள் பயந்து போனார். லோகப்பிரியா மட்டும் அமைதியாக ஒரே ஒரு விஷயம் கேட்டாள்.

"அக்கா, இனிமே வேற எந்த நாட்டு ஃபாரத்துலயும் 'முன்ன விசா மறுத்தாங்களா'ங்கற எடத்துல ஆமான்னுதான் போடோணுங்களா?"

"ஆமாம்மா."

ஜூன் முடிந்தது. தலைவர் பதவி அந்த நாட்டிலேயே இருக்கும் ஒரு பையனுக்குப் போனது. மூன்று வருஷம் முன்னால் சேர்ந்தபோது அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவளே இவள்தான். மார்ட்டின் கெட்டவர் இல்லை. மனசு கேட்காமல், நேரிலேயே வந்து வருத்தம் சொல்லிவிட்டு, பொறுப்பை மாற்றிக்கொடுக்கும் வேலையையும் முடித்துப்போவதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை இந்தியாவுக்கு ஆன்லைனில் விசா விண்ணப்பித்தவர், சனிக்கிழமை கோவை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சோமனூரில் சாப்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் என்ன கோபம் இருந்தாலும் காட்டக் கூடாது. பழனாத்தாள் நாட்டுக்கோழி வறுத்து, அந்த மனிதருக்கு நெய் விட்டு விட்டுப் பரிமாறினாள். மார்ட்டின் நன்றாகவே சாப்பிட்டார். காளிச்சாமி மட்டும் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். கடைசியில் மகளிடம் சொன்னார்.

"கண்ணு, இந்தத் தம்பிகிட்டக் கேளு. இங்க வாரதுக்கு முன்னால, உங்க மகன் திரும்பி வருவானான்னு அவிங்கப்பாவைக் கூப்புட்டு யாராச்சும் விசாரிச்சாங்களா?"

லோகப்பிரியா தயங்கினாள். பிறகு இங்கிலீஷில் கேட்டாள். மார்ட்டினுக்குக் கேள்வி பிடிபடவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது. பிடிபட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது. மெதுவாக ஏதோ சொன்னார்.

"ஃபாரத்துல அப்பா பேரு மட்டும் எழுதச் சொன்னாங்களாம்ப்பா. அவருகிட்ட யாரும் பேசலீங்களாம்."

காளிச்சாமி என்னைப் பார்த்தார். "அப்ப அவரு திரும்பிப் போவாருன்னு நம்ம சர்க்காருக்கு எப்படிங்க அம்மணி தெரியும்?"

பதினெட்டு வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானாகவும் ஒரு நாள் யோசித்ததில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

"அவங்களை அப்படிக் கேக்கறதில்லீங்கண்ணா" என்றேன்.

சாப்பாடு முடிந்தது. லோகப்பிரியா கை கழுவிவிட்டு மாடி அறைக்குப் போனாள். பின்னாலேயே மார்ட்டினும் போனார். அங்கே கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பையன் காத்திருந்தான். தனக்குத் தலைவராக வந்தவனுக்கு, தலைவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.