சந்தனப் பொட்டு வச்ச சிடி

வன்னியம்பட்டி விலக்குப் பக்கம் பால்ச்சாமிக்கு ஒரு எடை மேடை உண்டு. லாரி ஏறி நின்றால், ஓரத்துத் தகரக் கூண்டுக்குள் இருக்கிற கம்ப்யூட்டரில் எடை விழும், சீட்டு அடித்து வரும். அதன் முன்னால் பதினாலு வருசமாக உட்கார்ந்திருந்தவன் தனுஷ்கோடி. அஞ்சாப்போடு நின்றவன். முன்னே அதே மேடையில் மூட்டை தூக்கினான். ஒருநாள் பருத்திப் பொதியோடு லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போச்சு. அதன் பிறகு குனிந்து ஒரு குடம் தண்ணி எடுக்க ஏலாது. நம்ம மேடையில் விழுந்தவனாச்சே என்று பால்ச்சாமி கூண்டுக்குள் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அந்த நாற்காலி போனால் அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

உட்கார்ந்தவன் சும்மா இருக்கவில்லை. அரதப் பழசுப் பெட்டி அது. வாரம் ஒருக்கா கழட்டி சைக்கிள் பம்பால் தூசி ஊதுவான். மெமரியை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பரால் தேய்த்து மாட்டுவான். விசிறி கரகரத்தால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ராஜபாளையத்திலிருந்து மெக்கானிக் மாரீஸ்வரன் வந்தாலும் தலைமாட்டில் நின்றுகொண்டு, "ஏலே, மெல்லக் கழட்டு. ஒன் மாமியா வீட்டுக் கதவா அது?" என்று வைவான். அம்புட்டுப் பழசு, ஆனால் ஒரு நாளும் ஒரு லாரியை நிப்பாட்டியதில்லை.

எடை போடுகிற புரோகிராம் ஒரு சிடியில் இருந்தது. மாட்டிவிட்டுப் போன கம்பெனிக்காரன், "இது போச்சுன்னா மேடை போச்சு" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தான். பிற்பாடு அந்தக் கம்பெனியே இல்லாமல் போச்சு. "அண்ணாச்சி, குடுங்க, ஒரு காப்பி எடுத்து பென்டிரைவ்ல போட்டுவைப்போம்" என்று மாரீஸ்வரன் எத்தனையோ தடவை கேட்டான். "போலே. சாமி சாமானைக் கண்டவன் கையில குடுப்பனா?" என்று விரட்டிவிட்டான் தனுஷ்கோடி.

சாமி சாமான்தான். வருசா வருசம் ஆயுத பூஜைக்குக் கீபோர்டுக்குப் பொட்டு, பெட்டிக்குப் பொட்டு, சிடிக்கும் பொட்டு. எழுத்துப் பக்கம் வைத்தால் கம்பெனிக்காரன் போன் நம்பர் மறைந்துவிடும் என்று, பளபளப்புப் பக்கத்தில்தான் சந்தனமும் குங்குமமும் அப்புவான். மறுநாள் வேட்டி முனையால் அழுத்தித் தேய்த்து, மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகிவைப்பான்.

தை மாசம் பால்ச்சாமி மகன் விக்னேஸ்வரன் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்தான். மேடைக்குக் கேமரா வேணும், நெட்டு வேணும் என்றான். லைன் இழுக்க வந்த கௌதம்ராஜ், கேட்காமலே எடைக் கம்ப்யூட்டரிலும் ஒயரைச் செருகி எதையோ ஏற்றினான்.

"என்னதுலே அது?"

"எங்க கம்பெனி பாதுகாப்பு சாஃப்ட்வேர் அண்ணாச்சி. லைனோட ஃப்ரீ."

"இந்தப் பெட்டிக்கு நெட்டும் வேண்டாம், ஒன் ஃப்ரீயும் வேண்டாம். உருவு."

விக்னேஸ்வரன் சிரித்தான். "நீங்க எத்தனாப்புண்ணே? எம்.சி.ஏ.வா?"

கௌதம்ராஜும் சேர்ந்து சிரித்தான். பால்ச்சாமி பல் குத்திக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து பெட்டி முக்க ஆரம்பித்தது. லாரி ஏறி நிற்கும், எடை வராது, 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்று சிவப்புக் கட்டம் வரும். தனுஷ்கோடி தட்டுத் தடுமாறி அந்தச் சனியனை அழித்தான். மறுநாள் அதுவே வந்து உட்கார்ந்தது. ஒயரைப் பிடுங்கினான். விக்னேஸ்வரன் திரும்பச் செருகினான். "இன்னொரு தடவ கைய வச்சீரு, பொறவு பாரும்."

மாசியில் மக்காச்சோளம் வந்து குவிகிற நேரம். கட்டம் ஓயாமல் வருகிறதென்று விக்னேஸ்வரன் கௌதம்ராஜைக் கூப்பிட்டான். அவன் வந்து நாலு தட்டு தட்டினான். "எடை புரோகிராம்லதான் வைரஸ் காட்டுது. அழிச்சிட்டேன்" என்றான்.

திரையில் ஒன்றும் இல்லை. வெளியே பதினோரு லாரி.

விக்னேஸ்வரனுக்கு முகம் வெளிறிப் போச்சு. தனுஷ்கோடிக்கோ உள்ளூரச் சந்தோசம். இத்தனை நாள் பேசின வாய்க்கெல்லாம் இன்றைக்குப் பூட்டு. மெல்ல எழுந்தான். "படிச்ச ஆளுக அம்புட்டுப் பேரும் தள்ளி நில்லுங்க" என்று, அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து சிடியை எடுத்துப் போட்டான்.

உள்ளே போய்ச் சுற்றியது. கரகரத்தது. வெளியே வந்தது. துடைத்துப் போட்டான். வெளியே வந்தது. மாரீஸ்வரனுக்குப் போன் போனது. அரை மணி நேரத்தில் வந்தவன் சிடியை வெயிலில் தூக்கிப் பிடித்தான். கம்ப்யூட்டர் படிக்கிற பளபளப்புப் பக்கம் மஞ்சளும் சிவப்புமாக ஊறி, தேய்த்த கோடெல்லாம் சல்லடையாக இருந்தது.

"யாரு அண்ணாச்சி இதுல பொட்டு வச்சது?"

தனுஷ்கோடி சிடியை வாங்கி மறுபடியும் வேட்டி முனையால் துடைத்தான்.

முதலில் சிரித்தது கௌதம்ராஜ். அப்புறம் டிரைவர்கள். அழித்தவன் அவன் என்பதை அந்த நிமிசத்தோடு எல்லாரும் மறந்து போனார்கள். "பதினாலு வருசம் பத்திரமா வச்சிருந்து பூசைபோட்டுக் கொன்னுட்டயேலே" என்றார் பால்ச்சாமி. லாரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர் மேடைக்குப் போயின.

ஒரு வாரத்தில் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மம்சாபுரத்திலிருந்து யோகேஸ்வரி என்று டிகிரி படித்த பிள்ளை நாற்காலிக்கு வந்தது. தனுஷ்கோடியைப் போகச் சொல்லவில்லை. மேடையில் ஏறுகிற லாரி உருளாமல் டயருக்குக் கல் வைக்கிற வேலை கொடுத்தார்கள். வைக்கக் குனியணும், எடுக்கக் குனியணும். "கூண்டுக்குள்ள மட்டும் காலை வச்சிராதேயும்" என்றான் விக்னேஸ்வரன்.

மூணாம் நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தான். புதுத் திரையிலும் அதே சிவப்புக் கட்டம்.

"ஏத்தா, அந்த நெட்டு ஒயரை உருவு" என்றான்.

யோகேஸ்வரி திரும்பிப் பார்த்து, விக்னேஸ்வரனைப் பார்த்து, ஜன்னலைச் சாத்தியது.

மேடையில் நின்ற லாரி ஆரன் அடித்தது. "யோவ் பொட்டு! கல்லை எடுய்யா!"

தனுஷ்கோடி ஒரு கையை டயரில் ஊன்றிக்கொண்டு குனிந்தான்.