ஒன்றரைக் கைக்கு ஒரு திருவலை

என் மனைவியின் இடது மணிக்கட்டு முறிந்த பிறகுதான் தேங்காய் வட்டமானதல்ல என்பது எனக்குத் தெரிந்தது. முப்பத்தாறு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவன் நான். ஆரமும் விட்டமும் எனக்குப் புதிதல்ல. ஆனால் வீட்டுக்கு வரும் தேங்காயை அளந்து பார்க்க வேண்டும் என்று அதுவரை தோன்றியதில்லை.

மாவனல்லையிலிருந்து உள்ளே ஏறிப் போகும் பாதையில், றப்பர் தோட்டம் முடிகிற இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. மழைக்குக் குறைவில்லை. பின்கதவுக்கு வெளியே ஐந்து படிகள், மூன்றாவதில் பாசி. அதில்தான் வழுக்கினாள். ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு பொருந்திவிட்டது, பிடி மட்டும் திரும்பவில்லை. விரல்களை மடக்கினால் கடைசி இரண்டும் பாதி வழியில் நின்றுவிடும். தேநீர்க் கோப்பையைத் தாங்குவாள். தேங்காய் மூடியைத் தாங்க முடியாது.

தேங்காய் துருவும் எங்கள் திருவலை, மேசை விளிம்பில் திருகி வைக்கிற வகை. வலது கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இடது கையால் தேங்காய் மூடியைச் சுழலும் பல்லோடு சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டு கையும் நன்றாக உள்ளவர்களுக்கென்று யாரோ செய்தது. நான் துருவித் தருகிறேன் என்றேன். ஒரு நாள் விட்டுப் பார்த்தாள். தேங்காய்ச் சம்பலை வாயில் வைத்ததும், நான் ஓட்டையும் சேர்த்துத் துருவியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். பைக்கற்றில் வரும் தேங்காய்ப்பால் மாவைப் பற்றி மகள் பேச்செடுத்தபோது, அந்த மாவில் வைத்த கறியை அவளையே சாப்பிடச் சொன்னாள்.

மகள் கொழும்புக்குப் பக்கத்தில், வத்தளையில் நாலாம் மாடியில் இருக்கிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. எதையும் தவணை வைத்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு என்னிடமிருந்து வந்தது. வருகிற பௌர்ணமிக்கு, போயா விடுமுறையில் வருவதாகப் போனில் சொன்னாள்.

"அம்மா தனியா பகல் சாப்பாடு சமைக்கிறாங்களான்னு பார்ப்பேன். முடிஞ்சா இங்கேயே இருங்க. முடியாட்டி ரெண்டு பேரும் பெட்டியக் கட்டுங்க. அப்புறம் பேச்சே இல்ல."

மனைவி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாலாம் மாடியில் என் லேத்தை வைக்க யார் விடுவார்கள்? அதை ஓட்டினால் மூன்றாம் மாடிக்காரன் ஏறி வருவான். லேத் இல்லாமல், காலை ஆறு மணி தொடங்கி இரவு ஒன்பது வரை ஒரு பல்கனியில் நான் என்ன செய்வது?

அது மேசையில் வைக்கிற சின்னக் கடைசல் இயந்திரம். மூடப்பட்ட ஒரு றப்பர் தொழிற்சாலையின் பழைய இரும்போடு சேர்த்து வாங்கியது. வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சாய்ப்பில் இருக்கிறது. நான் தொழிலுக்குக் கடைசல் பிடித்தவனல்ல. ஓய்வுபெற்ற பிறகு, புத்தகம் பார்த்தும் இரும்பை வீணாக்கியும் பழகிக்கொண்டேன். கதவுத் தாழ்ப்பாள், குழாயின் கைப்பிடி, சைக்கிள் பம்பால் காற்றடித்தால் மட்டும் ஓடுகிற ஒரு குட்டி நீராவி எஞ்சின் என்று பதினேழு சாமான்கள் அதில் பிறந்திருக்கின்றன. ஓர் ஆணியை வாங்கிவர அரை மணி நேரம், அதையே நான் செய்தால் இரண்டு நாள் என்பாள் மனைவி. அப்படிச் சொல்பவள்தான், ஈரக் காற்றில் துருப்பிடிக்காமல் அதை மூடிவைக்கத் தன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தாள். நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட சேலை. லேத் ஓடாத நாளில் சாய்ப்புக்குள் போனால் யாரோ குனிந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

விடுமுறைக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது. தேங்காயைக் கை பிடிக்க வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை. லேத்தில் இரும்பைக் கையாலா பிடிக்கிறோம்? சக் என்கிற தலை பிடிக்கிறது. அதில் மூன்று தாடைகள், ஒரே திருகில் மூன்றும் சேர்ந்து நெருங்கி உருண்டையான எதையும் கவ்விக்கொள்ளும். தேங்காய்க்கும் அப்படி ஒன்று செய்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். ஐந்து நாளில் செய்தேன். மனைவி கைப்பிடியைச் சுற்றினாள். மூன்றாம் சுற்றில் தேங்காய் மூடி துள்ளி, என் மூக்குக் கண்ணாடியை உரசிக்கொண்டு போய்ச் சோற்றுப் பானையில் மோதியது.

"பானைக்கு ஒண்ணும் ஆகல" என்றாள். "நீங்க உங்க கண்ணாடியப் பாருங்க."

மூடியை எடுத்து அளந்தேன். ஒரு பக்கம் நூற்றுப் பதினொன்று மில்லிமீட்டர், குறுக்கே நூற்று நாலு. ஒரு தேங்காயை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று, வேர்னியர் அளவுகோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனேன். வழக்கமாகத் தேங்காய் வாங்கும் கடையில் குவியல் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தேன். முதலாளி கல்லாவிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், தேங்கா வாங்க வந்தீங்களா, அதுகளுக்கு வளையல் அளவெடுக்க வந்தீங்களா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் பன்னிரண்டாவதோடு நிறுத்திக்கொண்டேன். பன்னிரண்டில் ஒன்றுகூட வட்டமில்லை. அளந்த பாவத்துக்கு மூன்று வாங்கி வந்தேன்.

அடுத்து, தனித்தனியாக நகரும் நாலு தாடைகள் செய்தேன். எந்தக் கோணல் தேங்காயும் அதற்குள் அசையாமல் நின்றது. மனைவி சுற்றினாள். பல் ஒரே இடத்தில் இறங்கி, வெள்ளை தீர்ந்து, ஓட்டை உரசத் தொடங்கியது. அசையாமல் நின்றதுதான் பிழை. துருவும்போது மூடி மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். இடது கை பிடித்தது மட்டுமல்ல, திருப்பியும் கொடுத்திருக்கிறது. நாற்பத்தெட்டு வருடம் அந்தக் கை அதைச் செய்ததைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்திருக்கிறேன்.

பன்னிரண்டு நாள் மீதி. இந்த முறை கிண்ணம் ஒன்று யோசித்தேன். உள்ளே றப்பர் பதித்த கிண்ணம். கோணல் எப்படியிருந்தாலும் றப்பர் நெகிழ்ந்து கவ்விக்கொள்ளும். பக்கத்து வீட்டில் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார்கள். கேட்டதும் ஒரு தடித்த றப்பர் ஷீட்டைத் தந்து, கால் செருப்பா என்று சிங்களத்தில் விசாரித்தார்கள். தேங்காய்க்குச் செருப்பு என்றேன். கிண்ணத்தின் முதுகில் ஒரு பித்தளைப் பந்து. பந்து ஒரு குழிக்குள் எந்தப் பக்கமும் திரும்பும். கிண்ணத்திலிருந்து ஒரு தண்டு. அதன் நுனியை முழங்கையால் அழுத்திச் சாய்த்தால் போதும், மூடியும் கூடவே திரும்பும், விரல்களுக்கு வேலையில்லை.

அந்தப் பந்துதான் நான் இதுவரை செய்தவற்றில் கடினமானது. லேத்தின் கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் வெட்டும் கருவி அங்குலத்தில் பத்திலொரு பங்கு நகரும். எத்தனை சுற்றுக்கு எவ்வளவு ஆழம் என்று கணக்கிட்டு, படிப்படியாக வெட்டி, முதலில் படிக்கட்டு வைத்த பந்து ஒன்றை எடுத்தேன். சுற்றுகளை வாய்விட்டு எண்ணுவேன். ஏழில் இருக்கும்போது தேநீர் ஆறுகிறது என்று குரல் வரும். ஏழா எட்டா என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்குவேன். படிகளை அரத்தால் தேய்த்த பிறகு, ஓர் இரும்புக் குழாயின் வாயைக் கூராக்கி, சுழலும் பந்தின்மேல் வைத்து மெல்லச் சாய்த்துச் சாய்த்து அழுத்தினேன். குழாயின் வாய் வட்டம். அது தொடுகிற மேட்டையெல்லாம் சீவிவிடும். மஞ்சள் தூள் பொழிந்தது. சத்தம் கரகரப்பிலிருந்து ஓர் இழையாக மெலிந்தது. நிறுத்திப் பார்த்தால் பந்து. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. மனைவியின் உள்ளங்கையில் வைத்தேன். மடங்காத அந்த இரண்டு விரலும் அதைத் தொடவில்லை, இருந்தும் அது உருண்டு விழவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இதத் திங்க முடியாதே."

போயாவன்று பத்து மணிக்கு மகள் வந்தாள். குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள். பரீட்சை மண்டபத்தில் நான் அப்படித்தான் உட்காருவேன். என்னை உள்ளே வர விடவில்லை. யன்னலுக்கு வெளியே நின்றேன். மனைவி தேங்காயை உடைத்தாள், மூடியைக் கிண்ணத்தில் அமுக்கினாள், முழங்கையைத் தண்டில் சாய்த்தாள், சுற்றினாள். தட்டில் வெள்ளை விழுந்தது. நாற்பது சுற்றுக்கு மேல் நான் எண்ணவில்லை. மூடியைக் கழற்றி மகளிடம் நீட்டினாள். ஓட்டில் ஒரு கீறல் இல்லை.

பன்னிரண்டரைக்குச் சோறு, பருப்பு, பலாக்கொட்டைக் கறி, சம்பல். மகள் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். தட்டை வழித்துவிட்டு, சரி, தோற்றுவிட்டேன், நீங்கள் இங்கேயே இருங்கள் என்றாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அப்போது மனைவி சொன்னாள்:

"நாளைக்கு நான் உன்கூட வர்றேன்."

இருவரும் அவளைப் பார்த்தோம்.

"பேத்திக்குப் பள்ளிக்கூடம் லீவுதானே. ஒரு மாசம் இருந்து ஆக்கிப் போடுறேன். எனக்கும் ஆசையாத்தான் இருந்திச்சு. ஏலாதவளா வந்து மக வீட்டுல குந்தி, வச்சுக் குடுக்கிறதத் தின்னுக்கிட்டு இருக்க ஏலாது. அதான் வாயத் தொறக்கல. இப்ப மெசின் இருக்கே."

அவளைப் போகவிடாமல் இருக்கத்தான் அதைச் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். எழுந்திருக்கும்போது மனைவி என் தோளில் இடது கையை ஊன்றினாள். முகட்டுக் கூரையில் மழை தொடங்கியிருந்தது. நான் தட்டுகளை எடுத்துப் போனேன்.

மறுநாள் காலை அவள் பொதி கட்டும்போது, திருவலையைச் சுற்ற ஒரு துணி தேடி, நேரே சாய்ப்புக்குப் போய் லேத்திலிருந்து நீலச் சேலையை உருவிக்கொண்டு வந்தாள். கார் வளைவில் மறைந்த பிறகு போய்ப் பார்த்தேன். லேத் வெறுமனே நின்றது. நான் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றை எடுத்துப் போர்த்தினேன். நீளம் போதவில்லை, ஒரு முனை வெளியே தெரிந்தது.

நாலு நாள் பைக்கற் மாவில் கறி வைத்தேன். ஐந்தாம் நாள் போன் வந்தது. மகள் வீட்டு மேசை பளிங்குக் கல்லாம். திருவலையின் திருகு வழுக்குகிறதாம். கல்லின் தடிப்பு என்ன என்று கேட்டேன்.

"ஒரு விரல் இருக்கும்."

"எந்த விரல்?"

"மடங்குற விரல்" என்றாள். பின்னால் மகள் சிரிப்பது கேட்டது.

இருபது நிமிட வேலை. ஒரு சிறு வட்டத் தட்டைக் கடைந்து, மீந்த றப்பர் துண்டை ஒட்டினேன். தபாலில் போட்டிருக்கலாம். தபால் தாமதமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அடுத்த நாள் காலை ரம்புக்கனைக்கு பஸ் எடுத்து, கொழும்பு ரயிலில் யன்னலோரம் உட்கார்ந்தேன். தட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. அடுத்த பெரிய ஸ்டேஷன் பொல்காவலை வருவதற்குள் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

மகள் வீட்டில் தட்டைப் பொருத்தித் திருகியதும் திருவலை கல்லில் அசையாமல் நின்றது. அவள் ஒரு மூடி துருவிக் காட்டினாள். மாலை ரயிலில் திரும்ப வேண்டும், லேத் துருப்பிடித்துவிடும் என்றேன்.

"எதப் போத்திட்டு வந்தீங்க?"

"என் சாரத்த."

"அது பத்தாதே." துருவிய தேங்காயைக் கிண்ணத்தில் தட்டினாள். "இருங்க. மாசம் முடிய சேர்ந்தே போவோம். துருப்பிடிச்சா தேய்ச்சுக்கலாம். ரெண்டு பேருமாச் சேர்ந்தா மூணரைக் கை இருக்கே."

அன்று மாலை ரயிலில் நான் திரும்பவில்லை.