ரின்ஸ்கேயின் பிஸ்கட் டின்

என் தாய்மாமன் மகள் ரின்ஸ்கே பிஸ்கட் கொடுக்கிற விதம் நெதர்லாந்தில் எங்கள் ஃப்ரீஸ்லாந்துப் பக்கம் பேர்போனது. காப்பி ஊற்றியதும் டின்னைத் திறப்பாள், ஆளுக்கு ஒன்றைத் தன் கையாலேயே எடுத்து நீட்டுவாள், டப்பென்று மூடிவிடுவாள். டின்னையே நீட்டினால் யாராவது இரண்டு எடுத்துவிடுவார்களாம்.

அவள் புருஷன் வீபே, பால் வண்டி ஓட்டி ஓய்ந்தவன். அவர்களுடைய ஐம்பதாம் கல்யாண நாளுக்காக சொந்தமும் அக்கம்பக்கமுமாக நாங்கள், ஊர் வழக்கப்படி அவர்கள் வாசலில் நிறுத்தும் வளைவுக்குக் காகித ரோஜா மடித்துக்கொண்டிருந்தோம். கனடாவுக்குக் குடிபோன அவள் தம்பி ஹெஸ்ஸல்கூட டிக்கெட் எடுத்துவிட்டான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நெஞ்சில் சளி கட்டி ரின்ஸ்கே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆன்டிபயாடிக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். வீடு திரும்பியதும் வயிற்றுப்போக்கு. மருந்துச் சூடு என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை; எங்கள் ஆட்கள் அப்படித்தான். அது தானாக அடங்கிவருகிற சமயத்தில், பல் வீங்கியதற்கு ஆன்டிபயாடிக் விழுங்கிக்கொண்டிருந்த வீபே படுத்துவிட்டான். காய்ச்சல், வயிற்றுப் பிடுங்கல், கக்கூசே கதி.

மலத்தைச் சோதித்த பிறகு நர்ஸ் யிட்ஸ்கே வந்தாள். தனக்கும் போக்கு இருந்ததை ரின்ஸ்கே அப்போதுதான் சொன்னாள்.

"சி. டிஃபிசில்னு ஒரு கிருமி. உங்களுக்கும் இதாத்தாம்மா இருந்திருக்கும். குடல்ல நல்ல கிருமிங்க கூட்டமா குடியிருக்கும். ஆன்டிபயாடிக் கெட்டதோட நல்லதையும் வெளியேத்திடுது. காலி வீட்டுல இது வந்து உக்காந்துக்குது."

"ஆஸ்பத்திரியில மாதிரியே நான் கைக்கு ஜெல்தானே போடுறேன்!" என்றாள் ரின்ஸ்கே.

"ஜெல்லுக்கு இதோட வித்து சாகாதும்மா, ஓடு கெட்டி. சோப்புத் தண்ணியில தேய்ச்சுக் கழுவித்தான் போக்கணும். கக்கூஸை பிளீச் போட்டுத் துடைக்கணும். ஆமா, திங்கிறதை யார் கையால கொடுக்குறீங்க?"

எல்லோரும் டின்னைப் பார்த்தோம்.

"நானுந்தான் தினம் தின்னேன், எனக்கு வரலியே?" என்றேன்.

"நீங்க அந்த மருந்து சாப்பிடலையே. உங்க வயித்துல இடம் காலியில்ல."

"அவ வயித்துல என்னிக்கு இடம் காலியா இருந்துச்சு!" என்று வீபே படுக்கையிலிருந்து என்னைக் காட்டினான்.

ரின்ஸ்கே சிரிக்கவில்லை. "அப்போ விருந்தை நிறுத்திடவா? ஹெஸ்ஸல் வர்றானே."

"போக்கு நின்னு ரெண்டு நாள் முழுசா போகட்டும். அப்புறம் யார் வேணா வரலாம்."

பல் மாத்திரையை நிறுத்தி, குடலுக்கென்று வேறு மருந்து கொடுத்தார்கள். வீபே கக்கூசுக்குப் போகும்போதெல்லாம் ரின்ஸ்கே கதவோரம் நிற்பாள்.

"என்னாச்சு?"

"பேப்பர்ல போடச் சொல்லட்டுமா?"

விருந்துக்கு ஒரு வாரம் இருக்கையில் கதவுக்குள்ளிருந்து ஒரு கத்தல்: "கெட்டியா இருக்குடி!" தெருவுக்கே கேட்டது. அன்று மத்தியானமே நாங்கள் வளைவைத் தூக்கி நிறுத்தினோம். ஆனாலும் யிட்ஸ்கே சொன்ன இரண்டு நாளும் போன பிறகுதான் ரின்ஸ்கே கேக்குக்குச் சொல்லி அனுப்பினாள்.

கல்யாண நாளன்று நல்ல உடுப்போடு வந்தவர்களையெல்லாம் அடுப்படிக் குழாய் முன்னால் வரிசையில் நிறுத்தி, கையில் சோப்பைத் திணித்தாள். "கனடாக் கையும் கழுவணும்டா!" என்று ஹெஸ்ஸலையும் விடவில்லை. பிளீச் போட்டுத் துடைத்த டின் மேசை நடுவில் திறந்தே இருந்தது. அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பழக்க தோஷம், ஆளுக்கு ஒன்றுதான் எடுத்தோம்.

வீபே இரண்டு எடுத்தான்.

"ஏ மனுஷா!"

"அம்பது வருஷம் பொறுத்திருக்கேன்டி."

மூடியை எடுக்கப் போன கையை ரின்ஸ்கே மடியில் வைத்துக்கொண்டாள்.