நான்காம் கட்டிலின் விண்ணப்பம்

மர்மர் அக்கா டாக்டருக்குப் படிக்க விண்ணப்பம் போட்ட செய்தியைக் கேட்டு முதலில் வாயடைத்துப் போனவர் ஜெராக்ஸ் கடை முதலாளி. பேசாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் அரை நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

"எந்தக் கல்லூரிக்கு?"

"எதிர்ல இருக்கிறதுக்குத்தான், அண்ணே."

"படிக்கவா? இல்ல, அங்க ஒரு மெஷின் போடவா?"

"படிக்கத்தான்."

"பள்ளிக்கூடத்துல எவ்வளவு மார்க்கு?"

"அம்பத்திநாலு."

"எந்தப் பாடத்துல?"

"எல்லாம் சேர்த்து, சராசரியா."

"சரி, நுழைவுத் தேர்வு?"

"நூத்துக்கு நாப்பத்தொண்ணு."

"எழுதினவங்க சராசரியே அறுபதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே!"

"ஆமாண்ணே. அது அறுபத்தொண்ணு ஆகாம இழுத்துப் பிடிச்சதுல நமக்கும் பங்கு இருக்கு."

முதலாளி மெஷின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். உள்ளே காகிதம் எதுவும் இல்லை.

அக்காவுக்கு முப்பது வயது. பத்து வருஷமாக இந்தக் கடையில் மருத்துவ மாணவர்களின் நோட்டுகளைப் படி எடுத்து, ஓரம் வெட்டி, சுருள் கம்பி போட்டுக் கொடுப்பவள். கல்லீரல் முதல் கால் கட்டைவிரல் வரை அவள் கைபடாத பாடம் இல்லை. ஆனால் இதைப் பார்த்து யாரும் அதிர்ச்சியடைய வேண்டியதில்லை. அதிர்ச்சிக்கு உரியது அவளுடைய இரண்டாவது உத்தியோகம்.

இறுதியாண்டுத் தேர்வில் நிஜ நோயாளிகளைக் கட்டிலில் படுக்க வைத்து, மாணவர்களைச் சோதிக்கச் சொல்வார்கள். அதற்கு நோய் பளிச்சென்று தெரிகிற, ஆனால் சொன்ன தேதிக்கு உயிரோடு வந்து சேருகிற நோயாளிகள் தேவை. இப்படிப்பட்டவர்கள் லேசில் கிடைப்பதில்லை. அக்காவுக்குப் பதினெட்டு வயதில் இதயத்தின் நடுச்சுவரில் ஒரு பொட்டு ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஓட்டை சிறிதானால் சத்தம் பெரிது என்பது மருத்துவ விதி. வேறு பல துறைகளிலும் அதுவே விதி என்பார்கள், நமக்கேன் வம்பு. அந்தச் சத்தத்துக்கு மர்மர் என்று பெயர். உயிருக்கு ஆபத்தில்லை, தேர்வுக்குத் தோதானது. வருஷத்துக்கு இரண்டு தடவை அவள் நான்காம் நம்பர் கட்டிலில் படுத்தாள். பன்னிரண்டு வருஷம் படுத்தாள்.

முகம் வெளுத்து, உதடு துடிக்க வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. மேற்பார்வையாளர் திரும்பிய நேரமாகப் பார்த்து, உதடு அசையாமல் சொல்லிவிடுவாள்: "இடது பக்கம், கீழ் விளிம்பு, கரகரன்னு இருக்கும். நடுச்சுவர்ல ஓட்டை." கேட்டவர்கள் எழுதினார்கள், எழுதியவர்கள் டாக்டரானார்கள்.

கல்லூரியின் கையேட்டில் 'மதிப்பெண்ணால் அளக்க முடியாத அனுபவம் உடையோருக்கு' என்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அது இதுநாள் வரை நிர்வாகிகளின் சொந்தக்காரர்களுடைய அளக்க முடியாத அனுபவத்துக்கே போய்க்கொண்டிருந்தது. அக்கா அதற்குத்தான் கடிதம் எழுதினாள். முக்கியமான வரி இது: 'என் நெஞ்சில் காது வைத்து இருநூற்றுப் பதினான்கு பேர் டாக்டராகியிருக்கிறார்கள். இருநூற்றுப் பதினைந்தாவதாக எனக்கும் ஓர் இடம் தந்தால் என்ன?'

தேர்வுக் குழு அதிர்ந்தது, பிறகு சிரித்தது, பிறகு நேர்காணலுக்கு அழைத்தது. உடல்தகுதிச் சான்றிதழோடு வரச் சொன்னார்கள். இனி அவளுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே இருந்தவை ஒரு சான்றிதழும் ஒரு நேர்காணலும்தான்.

சான்றிதழ் கொடுக்கிற அறையில் ஒடிசலான ஓர் இளம் டாக்டர் இருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். மூச்சை அடக்கச் சொன்னார். அக்கா அடக்கினாள், அவரும் அடக்கினார். அவர் நெற்றியில் வியர்வை பூத்தது.

"என்ன தம்பி, முத்திப்போச்சா?"

"அக்கா, கொஞ்சம் ஸ்கேன் அறைக்கு வர்றீங்களா?"

ஸ்கேன் அறையில் ஜில்லென்று எதையோ தடவி, கருவியை விலா இடுக்கில் அழுத்தினார்கள். திரையில் கறுப்பு வெள்ளையாக ஏதோ துடித்தது. டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் கை நீட்டி, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"சுவர் முழுசா இருக்கு அக்கா. ஓட்டை தானா மூடிக்கிச்சு. இன்னைக்கு நேத்து இல்ல, வருஷக்கணக்கா ஆயிருக்கும்."

"விளையாடாதீங்க தம்பி. ஆறு மாசம் முன்னாடிகூடப் பத்துப் பேர் கேட்டாங்களே!"

"அவங்களுக்குக் கேட்டிருக்கு. எனக்குத்தான் கேக்கல." தொண்டையைச் செருமினார். "நான் மூணு தடவை ஃபெயிலு அக்கா. மூணு தடவையும் குலுக்கல்ல உங்க கட்டில்தான் விழுந்துச்சு."

"தெரியுமே! படிச்சுப் படிச்சுச் சொன்னேன், காதுலயே வாங்கல நீங்க."

"'இயல்பான லப்-டப் தவிர வேறு சத்தம் எதுவும் இல்லை'ன்னு எழுதினேன். செவிடான்னு கேட்டாங்க. நாலாவது தடவை நீங்க சொன்னதை அப்படியே எழுதினேன்." அவர் தரையைப் பார்த்தார். "மெடல் குடுத்தாங்க."

வருஷத்துக்குப் பதினெட்டு, இருபது பேர் குழாய் வைத்துக் கேட்கிற பெண்ணுக்குத் தனியாக எதற்குப் பரிசோதனை என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். கட்டில் தலைமாட்டில் பன்னிரண்டு வருஷப் பழைய ஸ்கேன் தொங்கியது. தேர்வாளர்கள் முதலில் அதைப் படித்தார்கள், பிறகு நெஞ்சைக் கேட்டார்கள். படித்தது கேட்டது.

செய்தி வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்கு வந்தது ஆனந்தம் அல்ல, ஆத்திரம்.

"ஓட்டை இல்லையா? எப்போலேர்ந்து இல்ல?"

"ஏழெட்டு வருஷமா இருக்கலாமாம்மா."

"அடிப்பாவி! படி ஏறக்கூடாதுன்னு மாடி வீட்டை வேணாம்னேன். வந்த வரனையெல்லாம் 'பொண்ணுக்கு நெஞ்சுல ஓட்டை'ன்னு வாசல்லயே சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதுல ரெண்டு பேர் தங்கமான பசங்க! இப்போ வந்து சுவர் முழுசா இருக்குங்கிறே!"

"நானா பூசினேன், தானா மூடிக்கிச்சும்மா."

"ஒரு வார்த்தை சொல்லிட்டு மூடியிருக்கலாம்ல?" என்று அம்மா அந்த ஓட்டையையே கேட்டாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தின் அந்த முக்கியமான வரி அவளைக் குடைந்தது. இருநூற்றுப் பதினான்கு பேரில் பாதிப்பேர் இல்லாத சத்தத்தைக் கேட்டுப் பாஸானவர்கள். அதைக் காதில் ஓதியது அவள். உள்ளதைச் சொன்ன பிள்ளைகள் அழுதுகொண்டே போனதைப் பார்த்து, 'விவரம் பத்தாத பசங்க' என்று பரிதாபப்பட்டதும் அவளேதான். கடிதத்தில் பெருமை என்று எழுதியதை இப்போது குற்றப்பத்திரிகை என்றும் வாசிக்கலாம்.

இளம் டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். "பழைய ஃபைல்ல இருக்கிறபடி 'சிறு ஓட்டை, படிக்கத் தடையில்லை'ன்னு எழுதித் தர்றேன் அக்கா. யாரும் கேக்கமாட்டாங்க. இடம் கிடைச்சா போதும்ல?" அக்கா அதையும் வாங்கிக்கொண்டாள், புது ஸ்கேனையும் வாங்கிக்கொண்டாள். எதை நீட்டப் போகிறாள் என்று நேர்காணல் அறைக் கதவைத் தள்ளும்போதும் அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர். பன்னிரண்டு வருஷமாக நான்காம் கட்டிலுக்குத் தேர்வாளர். வலப்பக்கம், தலைவர் தும்மினாலும் 'ஆமாம் சார்' என்கிற துணைப் பேராசிரியர். இடப்பக்கம், வேறு கல்லூரியிலிருந்து விதிப்படி வரவழைத்த ஒரு பேராசிரியை.

"வாம்மா, நம்ம நாலாம் நம்பர்!" என்றார் தலைவர். பேராசிரியையிடம் திரும்பி, "மார்க்கை விடுங்க மேடம். இப்படி ஒரு மர்மரை நீங்க கேட்டிருக்கவே மாட்டீங்க. கேட்டா நீங்களே இடம் குடுத்துடுவீங்க" என்றார். தானே முதலில் குழாயை வைத்து, கச்சேரி கேட்பவர் போலக் கண்ணை மூடினார். "ஆகா!"

துணைப் பேராசிரியர் கேட்டார். "ஆமாம் சார். போன தடவையைவிட ஒரு சுதி கூட."

பேராசிரியை கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்கு எதுவும் கேக்கலையே."

மின்விசிறி சுற்றுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ஸ்டெதஸ்கோப்பு பழசா இருக்கும். என்னுதை வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். "இப்பவும் இல்ல."

தலைவர் தோல்வி என்ற சொல்லைப் பிறருக்கு மட்டுமே எழுதிப் பழகியவர். சிரித்தபடி அக்காவிடமே திரும்பினார். "நீயே சொல்லும்மா. இருக்கா, இல்லையா? இருக்குன்னா கையெழுத்துப் போட்டுட்டு எல்லாரும் சாப்பிடப் போகலாம்."

பன்னிரண்டு வருஷத்தில் நோய் பற்றி நோயாளியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பையில் அக்காவின் விரல் இரண்டு காகிதங்களையும் தொட்டது. ஒன்று வழவழப்பு, ஒன்று சொரசொரப்பு. வழவழப்பான புது ஸ்கேனை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இல்லீங்க ஐயா. மூடி ரொம்ப வருஷமாச்சு."

துணைப் பேராசிரியர் 'ஆமாம்' என்று ஆரம்பித்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். தலைவரின் முகம் வெள்ளையாகி, சிவப்பாகி, கடைசியில் சொந்த நிறத்துக்கே வழி தெரியாமல் தவித்தது.

பழைய தேர்வுப் பதிவேட்டை வரவழைத்தார்கள். முதல் ஐந்து வருஷம் நான்காம் கட்டிலில் யாரும் தோற்கவில்லை. அடுத்த ஏழு வருஷத்தில் பதினொரு தோல்வி. பதினொன்றிலும் ஒரே வாசகம்: 'வேறு சத்தம் இல்லை.' ஓட்டை எப்போது மூடியது என்பதை ஸ்கேன் சொல்லவில்லை, தோற்றவர்களின் பட்டியல் சொன்னது.

"இதை வெளிய பேசுவியா?" என்றார் தலைவர், மெல்ல.

"யாராவது கேட்டா சொல்வேங்க."

"உள்ள சேர்ந்துட்டா?"

"அப்பவும் கேட்டா சொல்வேன். அந்தப் பதினொண்ணையும் முதல்ல சரிபண்ணுங்க ஐயா. எனக்கு இடம் குடுக்கிறதும் குடுக்காததும் அப்புறம்."

பேராசிரியை பேனாவைத் திறந்தார். "நோயாளி டாக்டருக்கு உண்மையைச் சொல்லி நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன். என் கணக்குல சேர்த்துக்குங்க, இந்தப் பொண்ணுக்கு நான் சரி சொல்றேன்."

தலைவரும் சரி சொன்னார். நேர்மைக்குப் பரிசு கிடைத்துவிட்டது என்று யாரும் கண் கலங்க வேண்டாம். வெளியே இருக்கிற வாயை அடக்க முடியாது, உள்ளே இருக்கிற வாய்க்கு வீட்டுப்பாடமாவது கொடுக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். துணைப் பேராசிரியர் ஆமாம் சொன்னார்.

பதினொரு தோல்விகளையும் கல்லூரி 'கூட்டல் பிழை' என்று அறிவித்துத் திருத்தியது. மறுநாளே இளம் டாக்டர் போனில் வந்தார்.

"அக்கா, மூணு தடவையும் நான் பாஸாம்!"

"நல்ல சேதிதானே தம்பி?"

"நாலாவதுதான் தப்பாம். மெடலைத் திருப்பிக் கேக்கிறாங்க."

அக்காவுக்கு இடம் வந்தது. முதலாளி ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. இது கடையின் வரலாற்றிலேயே இல்லாத நிகழ்ச்சி. அம்மா விழுந்து புரண்டு அழுதுவிட்டு, அந்த இரண்டு தங்கமான பசங்களில் ஒருவனுக்காவது இன்னும் கல்யாணம் ஆகாமல் இருக்குமா என்று விசாரிக்கக் கிளம்பினாள்.

முதல் செய்முறை வகுப்பில் ஒருவர் நெஞ்சை ஒருவர் கேட்டு எழுத வேண்டும். அக்காவுக்கு ஜோடியாக வந்தவள் நுழைவுத் தேர்வில் தொண்ணூற்றொன்பது வாங்கிய பெண், வயது அக்காவுடையதில் பாதி சொச்சம். குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். உதடு துடித்தது.

"அக்கா, ரெண்டே ரெண்டு சத்தம்தான் கேக்குது. வேற ஒண்ணும் இல்ல. உங்களுக்கு மர்மர் இருக்குன்னு சீனியர்ஸ் சொன்னாங்களே, நான் தப்பா வெச்சிருக்கேனா?"

"சரியாத்தான் வெச்சிருக்கே. கேட்டதை எழுது."

"எழுதினா ஃபெயில் போட்டுட்டா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இவர்களுடைய மேஜைக்குத்தான் வந்துகொண்டிருந்தார்.

"எழுதும்மா," என்றாள், உதடு நன்றாக அசைய, அவர் காதிலும் விழட்டும் என்று.