சந்துரு சாருக்குக் கொழுப்புப் போதவில்லை

சாப்பாட்டுக் கேரியர் கட்டிக் கொடுக்கிற தொழிலில் சமைப்பது கால்வாசிதான், மீதியெல்லாம் பேச்சு வாங்குவது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் எல்லாரும் என் கட்சி. மயிலாப்பூரில் காலையில் மகளை இடுப்பிலும் கரண்டியைக் கையிலும் வைத்துக்கொண்டு நான் பட்டதைக் கேளுங்கள்.

எண்ணெய்க்கு லீவு

ராஜா அண்ணாமலைபுரத்து சந்துரு சார் தொப்பையைக் குறைக்க ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து எண்ணெய், நெய், தேங்காய், கடலை எதுவும் கூடாது என்றார். தாளிக்காத சாம்பாரையும் வெறுமனே வெந்த புடலங்காயையும் என் கையாலேயே அடைத்து அனுப்பினேன். தொப்பை போனது. கூடவே முகக்களையும் போனது. கேரியர் கொண்டுபோகிற ஆட்டோ பாஷா பாய் ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னா தங்கச்சி, சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ஆஸ்பத்திரி சாம்பார்ல கூட நாலு கடுகு கீது."

யாருக்கு டெஸ்ட்

சாரின் மனைவி வித்யா அக்கா காலி கேரியரைத் தர வந்தால் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. மாமியார் கோயில் கோயிலாக அவரைத்தான் சுற்ற வைத்தார். ஊசியும் ஸ்கேனும் அவருக்குத்தான். எல்லாம் சரியாக இருந்தது. புதிதாகப் பார்த்த டாக்டரம்மாதான் சாரையும் வரச் சொன்னார். பார்த்தால், ஆண்களுக்கான ஹார்மோனும் குறைவு, உயிரணுவும் குறைவு. கொழுப்புச் சத்திலிருந்துதான் உடம்பு அந்த ஹார்மோனைச் செய்கிறதாம். "இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல்ல ஒழுங்கா சாப்பிட்டு, ஒழுங்கா தூங்கட்டும்" என்றாராம்.

அக்கா இதை மாமியாரிடம் போனில் சொன்னது என் வீட்டு வாசலில் நின்றுதான். "அம்மா, அவருக்குக் கொழுப்புப் போதலையாம்." அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது: "என் பிள்ளையை அப்படியா சொல்றே? கொழுப்பெல்லாம் உனக்குத்தாண்டி ஜாஸ்தி."

வடைக்கு வந்த ஆயுசு

மறுநாளே சாரிடமிருந்து போன். தினமும் மசால் வடை, பஜ்ஜி, அப்பளம் வேண்டுமாம், டாக்டரே சொல்லியாயிற்றாம். கொழுப்புத்தானே கேட்டார்கள் என்று நானும் சந்தோஷமாகப் பொரித்து அனுப்பினேன். அக்காவிடமிருந்து விஷயம் டாக்டரம்மா காதுக்குப் போனது. பொரித்ததும், காய்ந்த எண்ணெயை மறுபடி காய்ச்சுவதும், வனஸ்பதியும் இருக்கிற உயிரணுவையும் கெடுக்கும் என்று சாரை ஒரு பிடி பிடித்திருக்கிறார்.

அதற்கப்புறம் அளவாக நல்லெண்ணெய்த் தாளிப்பு, சாதத்துக்கு ஒரு ஸ்பூன் நெய், எள்ளுப்பொடி, வேர்க்கடலைத் துவையல் என்று மாற்றினேன். முதல் நாள் கேரியரைத் திறந்ததும் சார் போன் செய்தார்: "ஏம்மா செல்வி, அந்த மசால் வடைக்கு ஒரு இரங்கல் கூட்டமாவது வெச்சிருக்கலாமே?"

வெற்றி

சில மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் சாரின் ஹார்மோன், உயிரணு இரண்டும் ஏறியிருந்தன. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வித்யா அக்கா மாமியாரோடு என் வாசலில் வந்து நின்றார். வாயைத் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. மகளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். இதனால்தான் கரு நின்றது என்று டாக்டரம்மாவே அடித்துச் சொல்லவில்லை, ஆனாலும் பாதிப் பெருமையை என் தாளிப்புக் கரண்டி எடுத்துக்கொண்டுவிட்டது.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் சொல்லணும்டி" என்றார். அக்கா என் மகளின் தலையைத் தடவிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "சொல்லுங்கோம்மா. என்கிட்டதான் குறைன்னு யார் யார்கிட்ட சொன்னேளோ, அவாகிட்ட முதல்ல சொல்லுங்கோ."