குன்றடிக் குழிக்கு எழுதாத அளவு

1

மகாராஜா காலத்தில் எனக்குக் கிணறு அளக்கிற உத்தியோகம். கரமனை அக்ரஹாரத்திலிருந்து கிளம்பி, பொன்முடிப் பாதையில் உள்ள கிராமங்களில் மேட மாதம், நம் சித்திரை, முழுக்க அலைய வேண்டும். டேப்பின் நுனியில் ஈயக்குண்டு. அதை இறக்கி, வாட்டர் லெவல் எத்தனை அடியில் என்று ஃபீல்டு புக்கில் எழுதுவேன். அதை வைத்துத்தான் சர்க்கார் கிணற்றுக்கு இடம் குறிப்பார்கள். கேட்க லேசான வேலை. பத்து நாளில் முட்டி கழன்றுவிடும்.

முதல் நாளே மேட்டிலிருந்த பெரிய வீட்டுக் காரணவர், அந்தக் குடும்பத்துத் தலைவர், வழிமறித்தார்.

"இந்தக் குண்டு இதுக்கு முன்னே யாரோட கிணத்துல இறங்கிச்சு?"

கோயில் கிணறு என்றேன். அப்புறம்தான் விட்டார். கீழ்ச்சாதிக்காரர் கிணற்றில் நனைந்த டேப்பை மற்ற வீடுகளில் இறக்க விடமாட்டார்கள். ஆகையால் அவர்கள் கிணறுகளைக் கடைசி நாளுக்கு ஒதுக்குவது எங்களுக்குள் வழக்கம். கடைசி நாள் பெரும்பாலும் வராது.

2

சரிவின் அடியில் குன்றடி, கீழ்ச்சாதிக்காரர் குடியிருப்பு. பத்துப் பன்னிரண்டு குடிசை, நடுவே ஒரு குழி, அதுதான் கிணறு. காளி என்ற பெண் அதில் மூங்கில் கழியை இறக்கித் தூக்கி, நனைந்த இடத்தைத் தள்ளி நின்றே காட்டினாள்.

"மேலே கிணறெல்லாம் வத்திப்போச்சு ஏமானே. இது வத்தாது. ஆனா பக்கமெல்லாம் இடியுது. சர்க்கார் கல்லு கெட்டித் தந்தா மதி, வேறொண்ணும் வேண்டாம். எழுதுங்கோ."

அவள் சொன்னது சரி. மேட்டில் வெட்டுக்கல் பூமி. மழைத்தண்ணீர் மேலே தங்காமல் உள்ளே இறங்கிவிடும். அடியில் சேடிமண் என்கிற வெளுத்த களிமண் தடுப்பதால் சரிவின் கீழே ஊறும். அந்த மண்ணுக்குப் பலம் கிடையாது, கல் கட்டாவிட்டால் சரியும். அந்தப் பக்கத்தில் நான் பார்த்த நல்ல ஊற்று அதுதான்.

எனக்கோ மேட்டில் இன்னும் நாலு வீடு பாக்கி. டேப் போடாத அளவை எழுதினால் ஆபீசில் மெமோ. ஊரோடு ஒத்து வாழ் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு, புக்கைத் திறந்து எழுதுகிற மாதிரி பென்சிலை ஓட்டினேன். அவள் கும்பிட்டாள்.

3

என் மேலதிகாரி நாஞ்சில் நாட்டுக்காரர். மேப்பில் குன்றடி மேல் விரலை வைத்தார்.

"இங்க என்ன வே வெறுமனே கெடக்கு? ஆளு கெடையாதோ?"

உண்டு என்றால் ஏன் அளக்கவில்லை என்பார். மறுபடி அத்தனை தூரம் நடக்க வேண்டும். கால் வீங்கியிருந்தது.

"கிணறு ஒண்ணும் இல்லை சார்."

சர்க்கார் கிணறு மேட்டில், காரணவர் வீட்டருகே சாங்ஷன் ஆயிற்று. குன்றடிக்காரர்கள் அந்தப் பக்கம் போக முடியாது.

அடுத்த மேடத்தில் போனபோது, நடுவில் வந்த இடவப்பாதிப் பருவமழையில் இடிந்த குழி மண்மூடிக் கிடந்தது. காளி ஆற்றிலிருந்து குடத்தோடு ஏறி வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தேவலை.

"ஏமான் எழுதினதல்லவா," என்றாள் மூச்சு வாங்கியபடி. "சர்க்கார் காரியம், தாமசிக்கும். வரும்."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அளக்க முடியாவிட்டால் 'அளக்கவில்லை' என்றாவது எழுதுங்கள். வெறுமனே விட்டால், அங்கே மனிதரே இல்லை என்று மேஜையில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

அன்றும் நான் காளியிடம் உண்மையைச் சொல்லவில்லை. குன்றடியில் அந்த வருஷம் அளக்கவும் ஒன்றும் இல்லை. "ஆமாம், வரும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.