படிக்காமல் மூடிய மெயில்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி மாசம். திருவொற்றியூரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தபோது நடந்தது இது. இதுவரை வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

எனக்கு ஊர் கோயமுத்தூர் பக்கம். பெரிய ஆலைகளில் ஓடும் பம்புகளைச் சரிபார்ப்பது வேலை. மணலியில் ஒரு ஆலைக்கு அடிக்கடி வர வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், லேப்டாப் என்றாலே முகம் சுளிப்பார்கள். உள்ளே கொண்டுபோக அனுமதிக் கடிதம், அதில் மெஷின் நம்பர், அதற்கு ஒரு கையெழுத்து, ஒரு சீல். வெளியே வரும்போது அத்தனையும் மறுபடி. ஒருமுறை சீல் அடிக்கிறவர் சாப்பிடப் போய்விட்டார் என்று நானும் என் லேப்டாப்பும் மதிய வெயிலில் கேட்டுக்கு வெளியே காய்ந்தோம். அன்றோடு அதை வீட்டு அலமாரியில் வைத்தவன்தான். போனையும் கேட்டிலேயே வாங்கிவைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். அதனால் எங்கள் ஆட்கள் பலரும் ஒரு தோள்பை, சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ், அவ்வளவோடு கிளம்பிவிடுவோம்.

கையில் லேப்டாப் இல்லாமல் வெளியூரில் காலம் தள்ளுவதில் நான் பெரிய கில்லாடி என்று எனக்கே ஒரு நினைப்பு. எந்த லாட்ஜில் ரிசப்ஷனில் கம்ப்யூட்டர் இருக்கிறது, எந்த நேரத்தில் அது காலியாக இருக்கும், எந்த ரூம் டிவியில் போனைச் சொருகினால் படம் பெரிசாகத் தெரியும், எல்லாம் அத்துப்படி. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு வகுப்பே எடுப்பேன். பொதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் எழும்போது மெயிலை மூடு. அடுத்தவர் மெயில் திறந்து கிடந்தால் கண்ணை எடுத்துவிடு. இந்த இரண்டையும் வேதம் மாதிரி சொல்லிக்கொடுப்பேன்.

அந்த லாட்ஜில் ரிசப்ஷன் மூலையில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. தங்குகிறவர்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரிசப்ஷனில் இருந்தது ஓர் அக்கா. குரல் கொஞ்சம் கறார், மனசு தங்கம். நான் வந்து நின்றாலே, "வா சார், உன் பொட்டி காலியாத்தான் கீது" என்பார்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயசு இருக்கும். கறுத்து முறுகின உடம்பு, மடித்துக் கட்டிய லுங்கி. லாட்ஜில் தங்குகிறவர் மாதிரி இல்லை. அக்காவின் தங்கை புருஷன், நெட்டுக்குப்பத்துக்காரர், ஆற்றிலும் கடலிலும் மீன் பிடிக்கிறவர். காலையில் வலையை இறக்கிவிட்டுப் பஸ் பிடித்து ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்க வருவார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மவுஸைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்ப்பார். அப்புறம் எழுந்து அக்காவைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

ஒரு சாயங்காலம் மழை. பஸ்ஸுக்குப் போக முடியாமல் அவர் நின்றார், நான் ரெண்டு டீ சொன்னேன். அப்போதுதான் பேசினார்.

"ஆறு செத்துப்போச்சு சார். கரெண்டு கம்பெனி சாம்பலு, எண்ணெ, எல்லாம் கலீஜ். எறாலு கெடச்சாலும் எண்ணெ வாட அடிக்குதுன்னு ஒரு ஜனம் வாங்க மாட்டேங்குது. அதான் வெளிநாட்டு டக்குக்குப் போலாம்னு கீறேன்."

டக் என்றால் பெரிய கப்பலைக் கட்டி இழுக்கும் சின்னக் கப்பல். அதில் வேலை செய்யப் பயிற்சியெல்லாம் முடித்து, காகிதங்களும் தயார். வளைகுடாப் பக்கம் ஒரு டக்கில் ஓர் இடம் காலி என்று ஏஜென்சியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஓர் இடத்துக்கு ரெண்டு பேர். இவரும், காசிமேட்டில் இருக்கும் இவருடைய தோஸ்தும். கப்பல்காரன் சம்மதம் சொன்னதும் ரெண்டு பேருக்கும் மெயில் வரும், வந்த அன்றைக்கு மதியத்துக்குள் யார் முதலில் சரி என்று பதில் போடுகிறாரோ அவருக்கு டிக்கெட். அதுதான் அந்த ஏஜென்சிக்காரர்கள் வழக்கமாம். வீட்டில் இருந்த ஒரே டச் போன் மகளின் படிப்புக்கு. அவர் கையில் இருந்தது பட்டன் போன். பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டர்களெல்லாம் எப்போதோ ஜெராக்ஸ் கடையாகிவிட்டன. ஆகவே அக்காவின் கம்ப்யூட்டர்.

"கெடைக்கும்னு மனசு சொல்லுது சார். பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், இனிமே அப்பன் மேல மீன் வாட அடிக்காதுன்னு" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடித்தது. கிடைக்க வேண்டும் என்று மனசார நினைத்தேன். அது சத்தியம்.

அதற்கு அடுத்த நாள் காலை. ஆலை வேன் வருவதற்குள் ஆபீஸ் அனுப்பியிருக்கும் ஒரு பம்பு வரைபடத்தை பென்டிரைவில் ஏற்ற வேண்டும். அக்கா மாடியில் ரூம் பார்க்கப் போயிருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே மெயில் பக்கம் திறந்து கிடந்தது. என்னுடையதும் அதே மாதிரிதான் இருக்கும். அவசரத்தில், மேலே தடித்த எழுத்தில் இருந்த முதல் மெயிலைத் தட்டிவிட்டேன். திறந்ததும் மேலே வேறு யாருடைய பேரோ இருந்தது. இனிஷியல், அப்பா பேர் எல்லாம் சேர்த்து நீளமாக ஒரு பேர். அடடா, யாரோ தங்கியிருந்தவர் மூடாமல் போயிருக்கிறார் என்று புரிந்தது.

ஒரு வரிகூடப் படிக்கவில்லை. உடனே பின்னால் வந்துவிட்டேன். தனியாக வேறொரு பக்கம் திறந்து என் வேலையை முடித்து, என் மெயிலை ஒழுங்காக மூடிவிட்டு எழுந்தேன். வேனில் போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன், ஜனங்கள் எவ்வளவு அசட்டையாக இருக்கிறார்கள், நானாக இருக்கவே தப்பித்தார் என்று.

சாயங்காலம் திரும்பியபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கும் ஒண்ணியும் வர்ல சார்."

"வந்துருமுங்க, கவலைப்படாதீங்க" என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் நான் காலை டிபனுக்குக் கீழே வந்தேன். அவர் ரிசப்ஷன் முன்னால் நின்றிருந்தார். லுங்கி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. கடலுக்குப் போனவர் போன் வந்து பாதியில் திரும்பியிருக்கிறார். காசிமேட்டு தோஸ்து பேசியிருக்கிறான். தனக்கு டிக்கெட் போட்டாயிற்று, கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, நீ ஏன் பதில் போடவில்லை, உனக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறான்.

"நேத்து காலைலயே மெயிலு வந்துச்சாம்க்கா. நான் வந்து பாத்தனே!" அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். இருந்தது. மேலேயிருந்து மூன்றாவதாக, மெலிந்த எழுத்தில் அமைதியாக இருந்தது. அக்கா அதைத் திறந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். கப்பல் தயார், மதியத்துக்குள் பதில் தரவும். ரெண்டே வரி.

"இது இங்கத்தானே கீது மாப்ள, இன்னாத்த பாத்தே நீ?" என்று அக்கா கத்தினார்.

அவர் சொன்ன பதில்தான் இன்றும் காதில் இருக்கிறது. "நீதானேக்கா சொல்லிக் குட்தே, புச்சா வந்தா எழுத்து தடியா இருக்கும்னு. எனக்கு இங்கிலீசு படிக்க வர்ல, தடியா இன்னா கீதுன்னுதான் பாப்பேன். நேத்து எல்லாமே மெலிசா இருந்துச்சுக்கா. ஒண்ணுகூடத் தடியா இல்ல."

பாஸ்வேர்டு அடிக்க அவருக்குத் திணறல் என்பதால், மழை பெய்த அந்தச் சாயங்காலம் அக்காவே அடித்துத் திறந்து, அப்படியே விட்டுவைத்திருந்தார். அதுவும் எனக்கு அப்போதுதான் தெரியும்.

நான் அந்த மெயிலை எட்டிப் பார்த்தேன். மேலே அந்த நீளமான பேர். அங்கே அவரை எல்லோரும் கூப்பிட்டது ஒரு செல்லப் பேரில்தான், இந்தப் பேரை நான் கேட்டதே இல்லை. தடித்த எழுத்தை மெலிய வைத்தது என் விரல்தான்.

மறைக்கத் தோன்றவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன். முந்தின நாள் காலையில் நான்தான் தவறுதலாகத் திறந்தேன், அடுத்தவருடையது என்று படிக்காமல் மூடிவிட்டேன் என்று. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். தங்கை புருஷனும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்பட்டிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ இன்னா சார் பண்ணுவே, தெரியாமத்தானே" என்றார். பிறகு ரொம்ப மெதுவாக, "ஆனா படிச்சிருக்கலாம் சார். ரெண்டு வரிதானே" என்றார்.

அன்று நான் வேனுக்குப் போகவில்லை. ரிசப்ஷன் போனிலிருந்தே ஏஜென்சிக்குப் பேசினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், தமிழ் எல்லாவற்றிலும் கெஞ்சினேன். அவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். டிக்கெட் போட்டாகிவிட்டது, அடுத்த கப்பலில் பார்க்கலாம் என்றார்கள். நடந்ததை விளக்கி அவர் பேரில் ஒரு மெயிலும் எழுதினேன். அவர் என் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பி முடித்ததும், "தோஸ்துக்குக் கெடச்சதுல சந்தோஷந்தான் சார், அவனும் ரொம்ப பேஜாருல இருந்தான்" என்றார்.

அடுத்த கப்பல் வரவில்லை. ஒவ்வொரு தடவை மணலிக்கு வரும்போதும் அக்காவிடம் கேட்பேன். இன்னும் இல்லை என்பார். பிறகு ஒரு தடவை, அந்த ஏஜென்சி நம்பரே இப்போது போவதில்லை என்றார். தங்கை புருஷன் ஒரு கன்டெய்னர் யார்டில் கூலி வேலைக்குப் போகிறாராம். யார்டில் வேலை இல்லாத நாளில் மறுபடி ஆறுதான். மகள் நன்றாகப் படிக்கிறாளாம். நான் வந்தால் கேட்டதாகச் சொல்லச் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் கறார் இல்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மீன் தொட்டி இருக்கிறது, பக்கத்தில் கம்ப்யூட்டர் இல்லை. எல்லோர் போனிலும் நெட் வந்துவிட்டது, பொட்டியை எடுத்துவிட்டார்களாம்.

நான் இப்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். கேட்டில் காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கிறேன், முன்னே மாதிரி முணுமுணுப்பதில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியாது, வயசாகிவிட்டதால் சாந்தமாகிவிட்டேன் என்று கிண்டல் செய்கிறார்கள்.

அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்பதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனாலும் அந்த ஒரு காலையில் மட்டும், கொஞ்சம் மரியாதை கெட்டவனாக அந்த ரெண்டு வரியைப் படித்துவிட்டு, மாடியைப் பார்த்து "அக்கா, இது யாருக்குங்க வந்திருக்குது?" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதுமே என்ற நினைப்பு, யாருடைய மெயிலில் தடித்த எழுத்தைப் பார்த்தாலும் என்னை வந்து அறுக்கிறது.